கொள்கைக்குப் பயன்படும் ஆய்வுக்கு உதவித்தொகை பெறுவது எப்படி? முனைவர் பட்ட மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பொருளியல், சமூகவியல், அரசியல் அறிவியல், பொது நிர்வாகம், சமூகப்பணி, கல்வியியல் போன்ற துறைகளில் முதுகலை முடித்துவிட்டு, அரசின் ஒரு திட்டத்தையோ சட்டத்தையோ நிர்வாக நடைமுறையையோ ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இத்தகைய ஆய்வுக்குப் பணம் கிடைக்கும் வழிகள் இந்தியாவில் பல உண்டு. ஆனால் அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிபந்தனைகளோடு திறக்கின்றன. எந்தப் படிவத்தை எப்போது நிரப்புவது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு இறங்குகிறவர்கள் பாதி வழியில் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். உதவித்தொகையைப் பெற்றுத் தருவதும், பெற்றபின் ஆய்வேட்டை முடிக்கவைப்பதும் ஒன்றுதான்: ஓர் அதிகாரியின் கையில் விடையைக் கொடுத்தால் அதைக்கொண்டு அவர் ஏதேனும் ஒன்றை முடிவுசெய்ய முடியும் என்ற அளவுக்குக் கூர்மையான கேள்வி. அதனால்தான் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேள்வியைப் பற்றிப் பேசுகிறேன்.

தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

'தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டத்தின் தாக்கம்: ஓர் ஆய்வு' என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் கேள்வியும் இல்லை. தாக்கம் எதன்மீது, யாரிடம், எதோடு ஒப்பிடும்போது என்பது இதில் தெரியாது. தேர்வுக் குழுவில் அமர்ந்திருப்பவர் இதுபோன்ற தலைப்புகளை ஒரே நாளில் பல முறை படித்திருப்பார்.

இப்போது அதே திட்டத்தை, அதை நடத்துகிறவரின் இடத்திலிருந்து பாருங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய இத்திட்டம் முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு நடந்தது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. இதை நடத்துகிறவர் முன்னால் இருக்கும் முடிவுகள் என்னென்ன? ஆறாம் வகுப்புக்கும் நீட்டலாமா, பள்ளியிலேயே சமைப்பதா பொதுச் சமையற்கூடத்தில் சமைத்து வண்டியில் அனுப்புவதா, உணவு எத்தனை மணிக்குத் தயாராக வேண்டும் என்பன போன்றவை. இவற்றுள் ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான கேள்வியைத் தரும். 'ஐந்தாம் வகுப்புவரை காலை உணவு உண்ட குழந்தைகளின் பள்ளி வருகை, அந்த உணவு இல்லாத ஆறாம் வகுப்புக்குப் போனபின் குறைகிறதா, குறைந்தால் எந்தக் குடும்பத்துக் குழந்தைகளிடம் குறைகிறது' என்று கேட்டுவிட்டால், யாரை யாரோடு ஒப்பிட வேண்டும், எந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தானாகவே துலங்கத் தொடங்கும். திட்டம் படிப்படியாக விரிந்ததால், முன்னர் உணவு பெற்ற பள்ளிகளையும் பின்னர் பெற்ற பள்ளிகளையும் ஒப்பிடும் வாய்ப்பும் கிடைக்கிறது. ஆனால் முதற்கட்டப் பள்ளிகள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. அந்த வேறுபாட்டை எப்படிக் கணக்கில் கொள்ளப் போகிறீர்கள் என்பதை முன்மொழிவிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வியை முடிவுசெய்யும் முன் மூன்று முறையாவது களத்துக்குப் போய்வாருங்கள். ஒரு பள்ளியின் சமையலறை வாசலில் காலை ஏழே முக்கால் மணிக்கு நான் நின்றபோது, மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பொங்கல் அண்டாவை இறக்கிவைத்துவிட்டு, அன்றைக்கு எத்தனை தட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமைகளில் பிள்ளைகள் அதிகம் சாப்பிடுவதாகவும், விடுமுறை முடிந்து வருகிற பிள்ளைகளின் முகத்திலேயே அது தெரியும் என்றும் அவர்களுள் மூத்தவர் சொன்னார். மாதச் சராசரியை வைத்துக் கணக்கிடலாம் என்று அதுவரை எண்ணியிருந்தேன். அன்று மாலையே கிழமைவாரியாகப் பார்ப்பதென்று மாற்றிக்கொண்டேன். எந்த நூலிலும் இது எனக்குக் கிடைத்திருக்காது.

தரவு கைக்கு எட்டுமா என்று பாருங்கள்

நல்ல கேள்வி தரவு இல்லாமல் செத்துப்போவதுண்டு. ஆகவே விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே தரவைத் தேடத் தொடங்க வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019–21 காலத்தைச் சேர்ந்தது. தொழிலாளர் நிலை பற்றிய காலமுறை ஆய்வு 2017 முதல் நடக்கிறது, அதன் அலகுநிலைத் தரவை, அதாவது ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகத் தந்த விடைகளை, மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். பள்ளிகளைப் பற்றி யுடைஸ் பிளஸ் என்ற மத்திய அரசின் தரவுத்தளம் உள்ளது. மாநில அளவில், ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பும், அரசாணைகளும், இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கைகளும் முதலில் படிக்க வேண்டியவை. ஆய்வு மாணவர்கள் பலர் வெளிநாட்டுக் கட்டுரைகளை வரிவரியாகப் படித்துவிட்டு, தாம் ஆராயும் திட்டத்தின் மூல அரசாணையைப் படிக்காமலே முன்மொழிவு எழுதுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. திட்டத்தின் நோக்கம் என்ன, பயனாளி யார், செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் போகிறது என்பனவெல்லாம் அந்தச் சில பக்கங்களில்தான் இருக்கின்றன.

வெளியிடப்படாத தரவுக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கும் கருவி. தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்பினால், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். மனுவில் 'திட்டம் பற்றிய எல்லா விவரங்களும்' என்று கேட்காதீர்கள். 'இந்த ஒன்றியத்தில், இந்தக் கல்வியாண்டில், பள்ளிவாரியாக, வகுப்புவாரியாக, மாதவாரியாக' என்று நீங்கள் வரைந்து தரும் அட்டவணையில் எண்களை நிரப்பித் தருமாறு கேளுங்கள். குழந்தைகளின் பெயரோ அடையாளமோ கேட்கக் கூடாது. வகுப்பின் கூட்டு எண்ணிக்கை போதும். முன்மொழிவுடன் அந்த மனுவின் நகலையும் வந்த பதிலையும் இணைப்பது, இந்த மாணவர் வேலையைத் தொடங்கிவிட்டார் என்பதைக் குழுவுக்கு வேறு எதையும்விடத் தெளிவாகக் காட்டும்.

இடமும் நெறியாளரும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பல்கலைக்கழகத் துறைகளோடு, கொள்கை ஆய்வுக்கென்றே உருவான நிறுவனங்களையும் பாருங்கள். சென்னை அடையாற்றில் மால்கம் ஆதிசேஷையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம், பெங்களூரில் உள்ள சமூக, பொருளாதார மாற்றத்துக்கான நிறுவனம் ஆகிய மூன்றும் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின், அதாவது ஐ.சி.எஸ்.எஸ்.ஆரின், ஆதரவில் இயங்குபவை. மும்பையில் ரிசர்வ் வங்கி 1987இல் நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் தன் முனைவர் பட்ட மாணவர்களுக்குத் தானே உதவித்தொகை தருகிறது. நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புகழைவிட, அவரிடம் இப்போது எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யு.ஜி.சி.யின், 2022ஆம் ஆண்டு நெறிமுறைப்படி பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். காலியிடம் இல்லாதவரிடம் காத்திருந்தால் உங்கள் உதவித்தொகைக் காலம் வீணாகும். அவரிடம் ஆய்வை முடித்த மாணவர் ஒருவரையாவது தேநீர்க் கடையில் வைத்துப் பேசிப் பார்த்துவிடுங்கள்.

பணம் வரும் வழிகள்

பெரிய வழி யு.ஜி.சி. நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு மூலம் வரும் இளநிலை ஆய்வு உதவித்தொகை, எல்லோரும் ஜே.ஆர்.எஃப். என்றுதான் சொல்வார்கள். 2023 ஜனவரி 1 முதல் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், முதுநிலை ஆய்வாளராக உயர்த்தப்பட்டபின் மாதம் 42,000 ரூபாயும் தரப்படுகின்றன. ஐந்தாண்டும் முழுமையாகப் பெற்றால் கூட்டுத்தொகை 24 லட்சம் ரூபாய். விடுதி கிடைக்காதவர்களுக்கு ஊரின் வகைப்படி வீட்டு வாடகைப் படி தனி. நூல், பயணம், அச்சு போன்றவற்றுக்கான கண்டிஞ்சன்சி தொகை, சமூக அறிவியல் மாணவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாயும் அதன்பின் 20,500 ரூபாயும் ஆகும். களப்பணி செய்கிறவருக்கு இது போதாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நெட் தேர்வு ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரு முறை நடக்கிறது. முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம்; தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, ஆகவே எந்தக் கேள்வியையும் விட்டுவிட வேண்டாம். மொழிப் பாடங்களைத் தவிர மற்றப் பாடங்களின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழ்வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிவைத்துப் பழகினால் தேர்வறையில் தடுமாற்றம் இருக்காது. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். இதர பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி பிரிவினருக்கு 50 விழுக்காடு. ஜே.ஆர்.எஃபுக்கு வயது வரம்பு 30; மேற்சொன்ன பிரிவினருக்கும் எல்லாப் பிரிவுப் பெண்களுக்கும் மூன்றாம் பாலினத்தவருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. அரசியல் அறிவியல் பாடத்திட்டத்தில் இந்தியாவில் ஆட்சிமுறையும் பொதுக்கொள்கையும் என்று ஓர் அலகே இருப்பதால், எந்தப் பாடத்தில் எழுதுவது என்று தயங்குகிறவர்கள் அதையும் பொது நிர்வாகத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு மாணவர்கள் வழுக்கி விழும் ஒரு பள்ளம் உண்டு. நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய அரசின் தேர்வுகளுக்குச் செல்லாது. உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, வசதிபடைத்த பிரிவில் சேராதவர் என்பதைக் காட்டும் ஓ.பி.சி. சான்றிதழை இ-சேவை மூலம் வருவாய்த் துறையிடம் தனியாகப் பெற வேண்டும். விண்ணப்பம் திறந்தபின் அலைந்தால் தாமதமாகிவிடும். தேர்வு எழுத முடிவுசெய்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று கருத வேண்டாம். 2024 ஜூன் முதல், நெட் மதிப்பெண்ணைக் கொண்டே முனைவர் பட்டச் சேர்க்கை பெறும் முறை வந்துள்ளது. அதில் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் தரப்படும், அந்த மதிப்பெண் ஓராண்டு செல்லும். அப்படிச் சேர்ந்தபின் ஐ.சி.எஸ்.எஸ்.ஆரின் முனைவர் பட்ட உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 1969இல் தொடங்கப்பட்ட அந்தக் குழு, முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்த சமூக அறிவியல் மாணவர்களுக்கு மாதம் 20,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் தருகிறது. தொகை ஜே.ஆர்.எஃபைவிடக் குறைவு, ஆனால் இங்கே கொள்குறி வினாத் தேர்வு இல்லை, உங்கள் ஆய்வு முன்மொழிவே எடைபோடப்படுகிறது. கூர்மையான கேள்வி உள்ளவருக்கு இது நல்ல வாசல் என்பது என் உறுதியான எண்ணம். நம் ஊரில் இதற்குப் போதிய அளவில் யாரும் விண்ணப்பிப்பதில்லை என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் வேறு உதவித்தொகை பெறாத முழுநேர மாணவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் கிடைக்கும். திருவாரூரும் புதுச்சேரியும் இதில் அடங்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கெனத் தனித்தனித் தேசிய உதவித்தொகைகளும் உள்ளன. நெட் விண்ணப்பத்தில் இவற்றுள் எதைக் குறித்தாவது கேட்கப்பட்டால் அந்த இடத்தை வெற்றாக விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு அரசு, முழுநேர ஆய்வில் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தகுதித் தேர்வின் வழியாக முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையும் உள்ளது. பதிவுசெய்து ஓராண்டு கடந்தபின், 6 முதல் 9 மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்ய ஃபுல்பிரைட்–நேரு முனைவர் பட்ட உதவித்தொகை இருக்கிறது. களப்பணியை முடித்துவிட்டுத் தரவோடு போகிறவருக்கே அது பயன்படும். ஒரே காலத்தில் இரண்டு உதவித்தொகை பெறுவது பெரும்பாலும் விதிமீறல் என்பதால், புதியது கிடைத்தால் பழையதை எழுத்து மூலம் விட்டுவிட்ட சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்மொழிவை எழுதுதல்

முதல் பத்தியில் கேள்வி வந்துவிட வேண்டும். நாட்டின் பெருமையிலோ, வறுமை என்ற சொல்லின் வரையறையிலோ தொடங்கும் முன்மொழிவைப் படிக்கிறவர் மூன்றாம் பக்கத்துக்கு வருமுன் களைத்துவிடுவார். இரண்டாம் பத்தியில், இந்த விடை கிடைத்தால் எந்த அலுவலகத்தில் எந்த முடிவு மாறக்கூடும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். முந்தைய ஆய்வுகளைப் பற்றிய பகுதியில் நூற்பட்டியல் போடாமல், யார் எதுவரை வந்தார்கள், எங்கே நின்றார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். மொத்தத்தில் பாதிக்குக் குறையாத இடத்தை முறையியலுக்குக் கொடுங்கள்: எத்தனை பள்ளி, எப்படித் தேர்வு, எத்தனை முறை செல்வது, எந்தப் பதிவேடு, யாரோடு நேர்காணல், அனுமதி யாரிடம்.

அரசுப் பள்ளிக்குள் ஆய்வு செய்யக் கல்வித் துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். தலைமையாசிரியர் அன்போடு உள்ளே விட்டாலும் அது அனுமதி ஆகாது, பின்னால் அவருக்கே தொல்லை வரும். குழந்தைகளிடம் பேசுவதென்றால் பெற்றோரின் ஒப்புதலும், பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவின் ஒப்புதலும் தேவை. கால அட்டவணையில் இவற்றுக்கு மூன்று மாதமாவது ஒதுக்குங்கள்.

செலவைக் கணக்கிட்டே எழுதுங்கள். இருபது பள்ளிகளுக்குத் தலா மூன்று முறை போவதென்றால் அறுபது வருகை. காலை உணவு நேரம் ஒரே மணி நேரம்தான் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு பள்ளிக்குமேல் பார்க்க முடியாது, ஆக அறுபது பள்ளி நாட்கள். ஏழே முக்காலுக்குள் போய்ச் சேரும் பேருந்து இல்லாத ஊர்களில் முதல் நாள் இரவே தங்க வேண்டும். இப்படி எழுதிய கணக்கைப் பார்க்கிறவர், இவர் அந்த ஊருக்குப் போயிருக்கிறார் என்று நம்புவார். கண்டிஞ்சன்சி தொகைக்குள் அடங்காவிட்டால் பள்ளிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்; செலவைக் குறைத்துக் காட்டாதீர்கள்.

நேர்காணல்

'முடிவு நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக வந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு ஆயத்தமாகப் போங்கள். வருகை கூடவே இல்லை என்று தெரியவந்தால் ஆய்வு தோற்றதா? இல்லை, பசி தீர்ந்ததா, பாடத்தில் கவனம் கூடியதா என்பவை வருகைக்கு அப்பாற்பட்டவை, அவற்றையும் அளக்க வைத்திருக்கிறேன் என்று சொல்ல முடிந்தால் போதும். திட்டத்தைப் புகழவோ இகழவோ வந்தவர் என்ற எண்ணம் குழுவுக்கு வந்துவிடக் கூடாது. புரியாத கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். சொந்த ஊரையும் குடும்பத்தையும் பற்றிச் சொல்லத் தயங்க வேண்டாம்; முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவருக்குக் களத்தைப் பற்றித் தெரிந்தது குழுவில் பலருக்குத் தெரியாது.

ஆணை வந்தபின்

ஜே.ஆர்.எஃப். தொகை கனரா வங்கியின் இணையதளம் வழியாக நேரே உங்கள் கணக்குக்கு வருகிறது. ஆனால் மாதந்தோறும் உங்கள் பல்கலைக்கழகம் இவர் ஆய்வில் இருக்கிறார் என்று அதில் உறுதிசெய்ய வேண்டும். மேக்கர் எனப்படுகிறவர் பதிவேற்றி, செக்கர் எனப்படுகிறவர் ஒப்புக்கொண்டால்தான் அது முழுமையடையும். நான் ஆய்வு செய்த துறையில் செக்கர் மாற்றலாகிப் போய், புதியவருக்குக் கடவுச்சொல் கிடைக்காமல், ஐந்து மாதம் யாருக்கும் பணம் வரவில்லை. அந்த ஐந்து மாதமும் நான் விடுதிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கினேன். என் அறையில் இருந்த நண்பர் ஆய்வையே நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டார், திரும்பி வரவேயில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. ஆகவே சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த இருவரும் யார் என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொரு மாதமும் உறுதிசெய்யப்பட்டதா என்று நேரில் போய்க் கேளுங்கள். முடிந்தால் மூன்று மாதச் செலவுக்கான பணத்தைக் கையிருப்பாக வையுங்கள். ஆதார் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கை மாற்றாதீர்கள். வாடகைப் படிக்கான சான்றையும், கண்டிஞ்சன்சி செலவின் ரசீதுகளையும், ஆய்வைத் தொடர்வதற்கான சான்றையும் ஆண்டுவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள்.

இரண்டாம் ஆண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே, முதுநிலை ஆய்வாளராக உயர்த்தும் குழுவைக் கூட்டும்படி துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். அதில் வெளியிலிருந்து ஒரு வல்லுநர் வர வேண்டியிருப்பதால் தேதி கிடைப்பதே பெரும்பாடு. உதவித்தொகை ஐந்தாண்டு, பட்டத்துக்கான உச்ச காலம் ஆறாண்டு என்பதை நினைவில் வைத்து, களப்பணியை மூன்றாம் ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள். பெண் ஆய்வாளர்களுக்கு மொத்தக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பும், உச்ச காலத்துக்குமேல் இரண்டு ஆண்டு தளர்வும் நெறிமுறையிலேயே உண்டு. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை; நெறிமுறையின் உரிய பிரிவைக் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள்.

கண்டதை உரியவரிடம் சேர்த்தல்

ஆய்வேடு நூலக அடுக்கில் போய் உட்கார்ந்துவிட்டால், கொள்கைக்குப் பயன்படும் ஆய்வு என்று சொல்லிப் பெற்ற பணத்துக்கு நாம் பாதிக் கணக்குத்தான் காட்டியிருக்கிறோம். நான்காம் ஆண்டிலேயே தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதுங்கள்: கேள்வி, எங்கே எப்படிப் பார்த்தேன், என்ன கண்டேன், எது எனக்கு உறுதியாகத் தெரியாது, எந்த ஒரு நடைமுறையை மாற்றிப் பார்க்கலாம். பள்ளியின் பெயரோ ஊழியரின் பெயரோ அதில் வரக் கூடாது; உங்களிடம் மனம்விட்டுப் பேசிய சமையற்காரருக்கு உங்கள் குறிப்பால் ஒரு விளக்கக் கடிதம் போகுமானால், அடுத்து வரும் ஆய்வாளரிடம் அந்த ஊரில் யாரும் பேச மாட்டார்கள். மாநில நிதிநிலை அறிக்கை பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருகிறது, துறைகள் தம் மதிப்பீடுகளை அதற்குச் சில மாதம் முன்பே ஆயத்தம் செய்யத் தொடங்கிவிடும். ஆகவே குறிப்பை அக்டோபருக்குள் துறைச் செயலருக்கும் இயக்குநருக்கும் மாநிலத் திட்டக் குழுவுக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதே குறிப்பின் ஒரு படியை, நீங்கள் அறுபது காலை போய் நின்ற அந்தப் பள்ளிகளின் சமையலறைக்கும் எடுத்துக்கொண்டு போய், அண்டா இறங்கிய பிறகு உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். எண்ணில் பிழை இருந்தால் முதலில் சொல்கிறவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள், திருத்தவும் நேரம் இருக்கும்.